பொய்க் கடனும் தொலைபேசியும்



கடன் என்பது தோட்டத்து மக்களாகிய நமக்குப் புதிய செய்தி அன்று. முன்பெல்லாம் தோட்டத்துக் கடையில் அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் பற்றில்தான் வாங்குவோம். கடைக்காரரிடம் ஒரு புத்தகம், நம்மிடம் ஒரு புத்தகம். சம்பள நாளன்று வீட்டு அம்மா அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்க் கணக்கைத் தீர்த்துவிட்டு வருவார். தொகையில் சந்தேகம் வந்தால் இரண்டு புத்தகங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். கடன் கொடுத்தவரின் முகம் நமக்குத் தெரியும். கணக்கும் கண்முன்னே இருக்கும்.

இப்போது நிலைமை வேறு. சம்பளம் வங்கியில் விழுகிறது. மோட்டார் சைக்கிள் தவணை, பிள்ளையின் கல்விக் கடன், கடன் அட்டை ஆகிய எல்லாமே முகம் தெரியாத அலுவலகங்களோடு நடைபெறுகின்றன. அலுவலகத்தின் முகம் நமக்குத் தெரியாதல்லவா? அதனால் அந்த அலுவலகத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு எவனும் பேசலாம். இல்லாத கடனைக் கேட்டு மிரட்டும் தொலைபேசி அழைப்புகள் இப்படித்தான் நம் வீடுகளுக்குள் நுழைந்திருக்கின்றன. அவற்றை அடையாளம் காண்பது எப்படி, வந்தால் என்ன செய்வது என்பதைப் பற்றி இன்று பேசுவோம்.

முதலில் இத்தகைய அழைப்பு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். தொலைபேசி ஒலிக்கிறது. மறுமுனையில் மரியாதையான குரல்.

“வணக்கம். வங்கியின் கடன் வசூல் பிரிவிலிருந்து பேசுகிறேன். உங்கள் பெயரில் உள்ள கடன் அட்டையில் 4,800 வெள்ளி பாக்கி இருக்கிறது. இன்று மாலை நான்கு மணிக்குள் கட்டாவிட்டால் வழக்குப் போடப்படும்.”

“நான் கடன் அட்டையே வாங்கவில்லையே, ஐயா!”

“அப்படியா? அப்படியென்றால் உங்கள் அடையாள அட்டையை யாரோ தவறாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இது குற்றவியல் விவகாரம். உடனே போலீசில் புகார் செய்ய வேண்டும். நானே இணைப்புக் கொடுக்கிறேன்.”

அடுத்து வேறொரு குரல் வருகிறது. இந்தக் குரல் அதட்டுகிறது. “உங்கள் பெயரில் கைது ஆணை இருக்கிறது. வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது. விசாரணை முடியும்வரை உங்கள் பணத்தை நாங்கள் சொல்லும் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்” என்கிறது.

இதிலுள்ள தந்திரத்தைக் கவனித்தீர்களா? கடன் உண்டு என்று ஒப்புக்கொண்டால், “உடனே கட்டு” என்பார்கள். கடன் இல்லை என்று மறுத்தால், “அப்படியானால் நீ குற்றத்தில் சிக்கியிருக்கிறாய்” என்பார்கள். ஆம் என்றாலும் வலை. இல்லை என்றாலும் வலை. ஆகையால் அவனிடம் நியாயம் பேசி வெல்லலாம் என்று எண்ணுவது வீண். பேச்சை நிறுத்துவதே அந்த வலையிலிருந்து வெளியேறும் வழி.

“மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை” என்பது நம் பழமொழி. இந்த அழைப்பில் மடியில் கனமில்லாதவரும் பயந்துவிடுகிறார். ஏன்? நம் மக்களுக்கு மானம் பெரிது. போலீஸ் வீட்டு வாசலுக்கு வந்தால் லயத்தில் நாலு பேர் என்ன நினைப்பார்கள், மகளுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் இப்படி ஒரு பேச்சு வரலாமா என்ற கவலைதான் முதலில் தோன்றுகிறது. “யாரிடமும் சொல்லாதே” என்று அவன் சொல்வதும் நமக்குச் சரியென்றே படுகிறது. மானத்துக்குப் பயந்து மூடி மறைக்கும் அந்த ஒரு மணி நேரந்தான் அவனுக்கு வேண்டியது. ஏமாறுகிறவர்கள் படிக்காதவர்கள் என்றும் எண்ணிவிட வேண்டாம். பட்டம் பெற்றவர்களும், உயர்ந்த பதவியில் இருந்தவர்களும் இப்படிப் பணத்தை இழந்திருக்கிறார்கள்.

2025 பிப்ரவரி முதல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. நாம் சொன்ன உதாரணத்தில் கேட்கப்பட்ட 4,800 வெள்ளி ஏறக்குறைய மூன்று மாத உழைப்பு. ஓய்வு பெற்றவரானால் ஊழியர் சேமநிதிப் பணம் முழுவதுமே ஒரே நாளில் போய்விடலாம். ஆகவே இதன் அடையாளங்களை நாம் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் அடையாளம் அவசரம். “இன்றே, இப்போதே” என்பான். உண்மையான கடன் ஒரு நாள் பொறுக்கும். பொய்க் கடன் ஒரு மணி நேரமும் பொறுக்காது.

இரண்டாவது, இரகசியம். கணவரிடம் சொல்லாதே, பிள்ளைகளிடம் சொல்லாதே, தொலைபேசியை வைக்காதே என்பான்.

மூன்றாவது, பணம் போகும் இடம். வங்கிக்குச் சேர வேண்டிய பாக்கியை ஒரு தனி ஆளின் பெயரில் உள்ள கணக்கில் போடச் சொல்வான். எந்த வங்கியும், எந்த நீதிமன்றமும், போலீசும் தனி ஆள் கணக்கில் பணம் கேட்பதில்லை.

நான்காவது, இரகசிய எண்கள். வங்கி அட்டையின் எண், கடவுச்சொல், கைப்பேசிக்கு வரும் டேக் எண் ஆகியவற்றைக் கேட்பான். அல்லது வாட்ஸ்அப்பில் ஏதோ ஒன்றை அனுப்பி, “இதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள்” என்பான். கடனை வசூலிக்க இவை எதுவும் தேவையில்லை. திருடத்தான் இவை தேவை.

இங்கே ஒரு கேள்வி எழும். “என் முழுப் பெயரும், அடையாள அட்டை எண்ணும், முகவரியும் அவனுக்குத் தெரிந்திருக்கிறதே, அவன் எப்படிப் பொய்யனாக இருக்க முடியும்?” என்று பலர் கேட்கிறார்கள். நம் விவரங்களை எத்தனையோ படிவங்களில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அவை கசிந்து கைமாறி விற்கப்படுகின்றன. ஆதலால் நம் எண் அவனுக்குத் தெரியும் என்பது எதற்கும் சாட்சியாகாது. கைப்பேசித் திரையில் தெரியும் எண்ணையும் நம்ப முடியாது. வேறோர் எண்ணிலிருந்து வருவதுபோல் காட்டும் தந்திரமும் உண்டு.

சரி, உண்மையான கடன் எப்படி வரும்? இதைத் தெரிந்துகொண்டால் பயம் பாதி குறைந்துவிடும்.

உண்மையான கடனுக்குத் தாள் உண்டு. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணைகள் கட்டாமல் விட்டால்தான் வண்டியைத் திரும்ப எடுக்கும் நடவடிக்கை தொடங்கலாம். அதற்கும் முன்னால் எழுத்து மூலம் 21 நாள் அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். முக்கால் பங்குக்கு மேல் கட்டிவிட்ட வண்டியை நீதிமன்ற உத்தரவில்லாமல் எடுக்க முடியாது. “இன்று மாலைக்குள் வண்டியைத் தூக்கிவிடுவோம்” என்று ஒருவன் தொலைபேசியில் சொன்னால் இந்த 21 நாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கு என்றால் நீதிமன்றத்திலிருந்து சம்மன் தாளாக வரும். சாதாரணக் கடன் பாக்கி சிவில் விவகாரம். அதற்காகப் போலீஸ்காரர் தொலைபேசியில் கைது ஆணையைப் படித்துக் காட்டிப் பணம் கேட்பது என்பது கிடையவே கிடையாது. “உன்னைத் திவாலாக்கிவிடுவேன்” என்பதும் அவர்களின் மிரட்டல்களில் ஒன்று. 2020 அக்டோபரிலிருந்து ஒருவர் மீது திவால் நடவடிக்கை எடுக்கக் கடன் ஒரு லட்சம் வெள்ளியாவது இருக்க வேண்டும். நாலாயிரம், ஐயாயிரத்துக்கு யாரையும் திவாலாக்க முடியாது.

உறவினர் கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை. “உங்கள் தம்பி மகன் கடன் வாங்கி ஓடிவிட்டான், நீங்கள்தான் கட்ட வேண்டும்” என்று சித்தப்பா பெரியப்பாவையெல்லாம் அழைக்கிறார்கள். இரத்த உறவு என்பதற்காக ஒருவர் கடன் மற்றவர் தலையில் விழாது. வங்கிக் கடனுக்குப் பிணை நின்றவர் தாளில் கையெழுத்துப் போட்டிருப்பார். நீங்கள் பிணை நின்றீர்களா என்பது உங்களுக்கே தெரியும்.

இனி அழைப்பு வந்தால் என்ன சொல்வது? ஒரே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். “கடிதம் அனுப்புங்கள், பார்த்துக்கொள்கிறேன்.” மலாயில் பேசினால், “தோலோங் ஹந்தார் சூராட்” என்று சொல்லுங்கள். அவன் கோபித்தாலும், அழுதாலும், கெஞ்சினாலும் வேறு எதுவும் பேசாமல் தொலைபேசியை வைத்துவிடுங்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது. உங்கள் பெயர் சரிதானா, அடையாள அட்டை எண் சரிதானா என்று கேட்டால் ஆம் என்றும் சொல்ல வேண்டாம், இல்லை என்றும் சொல்ல வேண்டாம்.

அதன் பிறகு உண்மையை நாமே விசாரிக்க வேண்டும். உங்கள் வங்கி அட்டையின் பின்புறத்தில் வங்கியின் தொலைபேசி எண் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண்ணை நீங்களே அழுத்திக் கேளுங்கள். அவன் கொடுத்த எண்ணுக்கு அழைத்தால் அவனுடைய கூட்டாளிதான் எடுப்பான். பணம் போடச் சொன்ன கணக்கு எண்ணும், அழைத்த எண்ணும் ஏற்கெனவே புகார் செய்யப்பட்டவையா என்று பார்க்கப் போலீசாரின் ‘செமாக் மியூல்’ என்ற இணையப் பக்கம் இருக்கிறது. படிக்கிற பிள்ளைகளிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ஆனால் ஒன்று: அதில் எண் இல்லை என்பதால் ஆள் யோக்கியன் என்று பொருளில்லை. நேற்றுத் திறந்த கணக்கு இன்று பட்டியலில் இருக்காது.

உங்கள் பெயரில் வங்கிக் கடன் ஏதாவது இருக்கிறதா என்பதையே தெரிந்துகொள்ளவும் வழி உண்டு. பேங்க் நெகாரா வைத்திருக்கும் ‘சிசிரிஸ்’ அறிக்கையில் வங்கிக் கடன்கள் பதிவாகியிருக்கும். அதைக் கட்டணமின்றிப் பெறலாம். உண்மையிலேயே கடன் இருந்து, கட்ட முடியாமல் திணறுகிறவர்கள் ‘ஏ.கே.பி.கே.’ என்னும் கடன் ஆலோசனை நிறுவனத்தை நாடலாம். 2006இல் பேங்க் நெகாரா அமைத்த அந்த நிறுவனத்தில் ஆலோசனை இலவசம். வங்கிகளோடு பேசித் தவணையைக் குறைத்துக்கொள்ள உதவுவார்கள். கடன் பட்டிருப்பது வெட்கப்பட வேண்டிய குற்றமன்று. உண்மையான கடன்காரருக்குத்தான் பொய் அழைப்பு அதிகம் பலிக்கிறது. நம் பாக்கி எவ்வளவு, யாருக்கு என்பதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறவரை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

வட்டிக்காரர் விவகாரம் சற்று வேறு. உரிமம் இல்லாத ‘ஆலோங்’ ஆட்களிடம் உண்மையாகவே பணம் வாங்கிச் சிக்கிக்கொண்டவர்களும் நம்மிடையே உண்டு. 1951ஆம் ஆண்டு வட்டித் தொழில் சட்டப்படி உரிமம் பெற்றவர்கூட, ஈடு இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 18 வெள்ளிக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. ஈடு உள்ள கடனுக்கு 12 வெள்ளிதான். கடன் வாங்கியவரைத் தொந்தரவு செய்வதும் மிரட்டுவதும் குற்றம். சாயம் ஊற்றுவேன், பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் பிடிப்பேன் என்று மிரட்டினால் மறைக்காமல் போலீசில் புகார் கொடுங்கள். தொழிற்சங்கத் தலைவரையோ, பள்ளி ஆசிரியரையோ துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள்.

ஒருவேளை பணம் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அழுதுகொண்டு உட்கார்ந்திருக்க நேரமில்லை. போன பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும். அது கடைசிக் கையைச் சேருமுன் தடுக்க வேண்டும். 2022 அக்டோபரில் அரசாங்கம் தேசிய மோசடித் தடுப்பு மையத்தை அமைத்தது. அதன் எண் 997. மூன்றே இலக்கங்கள்: ஒன்பது, ஒன்பது, ஏழு. உடனே இந்த எண்ணுக்கோ, உங்கள் வங்கியின் அவசர எண்ணுக்கோ அழைத்துச் சொல்லுங்கள். பிறகு அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுங்கள். பணம் அனுப்பிய இரசீது, அழைத்த எண், நேரம், வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழித்துவிடாதீர்கள்.

இளைஞர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. “உன் வங்கி அட்டையைக் கொடு, மாதம் இருநூறு முந்நூறு வெள்ளி தருகிறேன்” என்று நண்பன் கேட்டால் கொடுக்காதீர்கள். ஏமாற்றப்பட்ட பணம் இப்படி வாடகைக்கு வாங்கிய கணக்குகளில்தான் வந்து விழுகிறது. அட்டையைக் கொடுத்தவர்தான் முதலில் போலீசில் அகப்படுகிறார். 2024இல் தண்டனைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தால், கணக்கை இப்படிப் பிறரிடம் ஒப்படைப்பதே தனிக் குற்றமாகிவிட்டது.

நிறைவாக, தாய்மார்களே, பெரியவர்களே, ஒரு சிறிய ஏற்பாட்டை இன்று இரவே வீட்டில் செய்துகொள்ளுங்கள். தொலைபேசியில் யார் பணம் கேட்டாலும், வீட்டில் இன்னொருவருக்குச் சொல்லாமல் ஒரு காசும் அனுப்புவதில்லை என்று குடும்பமாக முடிவு செய்யுங்கள். 997 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தனியாக இருக்கும் பாட்டி தாத்தாவுக்கு, “கடிதம் அனுப்புங்கள்” என்ற அந்த ஒரு வாக்கியத்தைப் பேரப்பிள்ளைகள் சொல்லிக் கொடுக்கட்டும். யாராவது ஏமாந்து வந்து நின்றால், “உனக்கு அறிவில்லையா?” என்று ஏசாதீர்கள். ஏச்சுக்குப் பயந்தவர் அடுத்த முறை சொல்லாமல் மறைப்பார். மறைக்கிற இடத்தில்தான் அந்தத் திருடன் பிழைக்கிறான்.

பதறாத காரியம் சிதறாது. உழைத்துச் சேர்த்த காசு நம்மிடமே இருக்கட்டும்.