நேதாஜி படைக்கு வர மறுத்த சிப்பாய்கள்

மண்ணூர்பேட்டையில் பஸ் ஏறி அம்பத்தூர், திருமுல்லைவாயல் தாண்டினால் ஆவடி. டாங்கித் தொழிற்சாலை, ராணுவ உடைத் தொழிற்சாலை, குடியிருப்புகள் என்று வழி நெடுக ராணுவ வாசம்தான். இரண்டாம் உலகப்போரின்போது ஆவடியைப் பெரிய ராணுவத் தளமாக ஆக்கியது பிரிட்டிஷ் அரசு. அதனால் இந்தப் பக்கத்து வீடுகளில் பட்டாளத்துக் கதைகளுக்குப் பஞ்சமில்லை.

அந்தக் கதைகளில் ஒரு வழக்கம் உண்டு. "எங்க தாத்தா சிங்கப்பூர்ல பட்டாளத்துல இருந்தாராம்" என்று யாராவது ஆரம்பித்தால், எதிரே இருப்பவர் உடனே, "அப்படியா, ஐ.என்.ஏ.வா? நேதாஜியைப் பார்த்திருக்காரா?" என்பார். ஆமாம் என்றால் பேச்சு ஒரு மணி நேரம் போகும். இல்லை என்றால் அத்தோடு முடிந்துவிடும். இந்தக் கட்டுரை அந்த 'இல்லை' ரகத்தைப் பற்றியது. நாட்டு விடுதலைக்காக ஒரு படை திரண்டபோது, "நான் வரவில்லை" என்று சொன்ன இந்தியச் சிப்பாய்களைப் பற்றியது.

மைதானத்தில் ஒரு மதியம்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானிடம் சரணடைந்தது. இரண்டு நாள் கழித்து, 17-ம் தேதி, ஃபேரர் பார்க் மைதானத்தில் இந்தியச் சிப்பாய்களை மட்டும் தனியே கூட்டினார்கள். சுமார் 45,000 பேர். பிரிட்டிஷ் அதிகாரி ஹன்ட் சில வார்த்தைகள் பேசி, அத்தனை பேரையும் ஜப்பானிய மேஜர் புஜிவாராவிடம் ஒப்படைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். நேற்றுவரை 'நம் ஆட்கள்' என்றவர்களை மூட்டை கைமாற்றுவதுபோல் கைமாற்றினார்கள் என்ற கசப்பு அங்கே நின்ற பலருக்குக் கடைசிவரை போகவில்லை.

புஜிவாரா ஜப்பானிய மொழியில் பேசினார். அது ஆங்கிலத்துக்கு மாறி, பிறகு இந்துஸ்தானிக்கு மாறியது. மூன்று மொழி தாண்டி வந்து சேர்ந்த செய்தி இதுதான்: நீங்கள் கைதிகள் இல்லை, நண்பர்கள்; இந்தியாவின் விடுதலைக்குப் போராட ஒரு படை அமைகிறது, வாருங்கள். அடுத்துப் பேசியவர் கேப்டன் மோகன் சிங், பஞ்சாப் ரெஜிமென்ட்காரர். இந்திய தேசிய ராணுவத்தைத் தொடங்கியவர் இவர்தான். நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தது 1943 ஜூலையில். அதாவது, முதலில் 'மாட்டேன்' என்றவர்கள் நேதாஜிக்கு எதிராக அதைச் சொல்லவில்லை. அவர் அப்போது ஜெர்மனியில் இருந்தார்.

1942 செப்டம்பரில் முதல் படை முறையாக அமைந்தபோது அதில் இருந்தவர்கள் சுமார் 16,000 பேர். விருப்பம் தெரிவித்துவிட்டு ஆயுதம் கிடைக்காமல் காத்திருந்தவர்கள் இன்னும் பல ஆயிரம். மிச்சம் இருந்தவர்கள்தான் மறுத்தவர்கள். இதற்கிடையே மோகன் சிங்குக்கும் ஜப்பானியர்களுக்கும் முட்டிக்கொண்டது. இந்தியர்களைக் கருவியாகப் பயன்படுத்துகிறார்கள் என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. 1942 டிசம்பர் கடைசியில் அவரைக் கைது செய்தார்கள்; படை கலைந்தது. மறுபடி திரட்டியபோது, முதலில் சேர்ந்திருந்தவர்களிலேயே ஆயிரக்கணக்கானவர்கள் திரும்பி வரவில்லை. மறுத்தவர் கூட்டத்தில் அவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

ஏன் வரவில்லை?

வெள்ளைக்காரன் மேல் பாசம் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. சம்பளத்திலும் மரியாதையிலும் வெள்ளை அதிகாரிக்கும் இந்திய அதிகாரிக்கும் இருந்த வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும். மலேயாவில் சில கிளப்புகளுக்குள் இந்திய அதிகாரியை விடவே மாட்டார்கள். அந்த அவமானத்தைப் பட்டவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள்.

சிலருக்குச் சத்தியம் தடுத்தது. பட்டாளத்தில் சேரும்போது மதநூலின் மேல் கைவைத்தோ, தெய்வத்தின் பெயரைச் சொல்லியோ எடுத்த பிரமாணம் அது. வடக்கே இதற்கு 'நமக் ஹலால்' என்று பெயர்; உப்புக்குத் துரோகம் செய்யாமை. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று வளர்ந்த நமக்கு அது அந்நியமான எண்ணமில்லை. சிலருக்கு ஜப்பான் மேல் நம்பிக்கை இல்லை. சீனாவிலும், சிங்கப்பூர் விழுந்த சில நாட்களில் அங்கிருந்த சீனர்களுக்கும் அவர்கள் செய்ததைப் பார்த்தவர்கள், "இவனா நமக்கு விடுதலை வாங்கித் தருவான்?" என்று கேட்டதில் நியாயம் இருந்தது. இன்னும் சிலருக்குக் காரணம் வீடு. படை மாறியது தெரிந்தால் ஊரில் குடும்பத்துக்குப் போகும் பணம் என்னாகும் என்ற கவலை. தங்கள் அதிகாரி போனால் போவது, நின்றால் நிற்பது என்றிருந்தவர்களும் ஏராளம்.

சேர்ந்தவர்களின் காரணங்களும் இதேபோல் கலவைதான். விடுதலை வேட்கையோடு போனவர்கள் உண்டு. முகாமின் பட்டினிக்கும் கூலிவேலைக்கும் பயந்து போனவர்களும் உண்டு. மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்களுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது: சயாம்–பர்மா ரயில்பாதை. மலேயாவிலிருந்து 70,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை, பெரும்பாலும் தமிழர்களை, அந்தக் காட்டுக்குள் கொண்டுபோனார்கள். பாதிப் பேர் அளவுக்குத் திரும்பவில்லை. நேதாஜியின் படையில் பெயர் கொடுத்தால் அந்த ரயிலுக்குப் பிடித்துப்போக மாட்டார்கள் என்று சேர்ந்த இளைஞர்கள் உண்டு. அதற்காக அவர்களின் தேசப்பற்றைக் குறைத்துப் பேசுவதும் தவறு.

நிலைமை எவ்வளவு வழுக்கலாக இருந்தது என்பதற்கு ஷா நவாஸ் கானே சாட்சி. பின்னாளில் ஐ.என்.ஏ.வின் முக்கியத் தளபதி, செங்கோட்டை வழக்கின் நாயகன். அதே விசாரணையில் அவரே சொன்னார்: ஆரம்பத்தில் அவர் இந்தப் படையை எதிர்த்தவர், தன் ஆட்களைக் காப்பாற்றத்தான் உள்ளே போனார், நேதாஜியைச் சந்தித்த பிறகுதான் மனம் மாறியது.

மறுத்தால் என்ன ஆகும்?

'விருப்பமிருந்தால் வரலாம்' என்றுதான் சொன்னார்கள். நடந்தது வேறு. சிங்கப்பூரின் பிடாதரி முகாமில் மறுத்தவர்களைத் தனியே பிரித்து வைத்தார்கள். அடி, பட்டினி, கடும் வேலை. காவலுக்கு நின்றவர்களில் இந்தியர்களே இருந்தார்கள் என்பது செங்கோட்டை விசாரணையில் சாட்சிகள் சொன்ன, கேட்கச் சங்கடமான விஷயம். மூன்றாவது குதிரைப்படையைச் சேர்ந்த கேப்டன்கள் ஹரி பத்வார், தார்கல்கர் ஆகியோரை நிலத்தடிக் கூண்டில் வாரக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். ஹாங்காங்கில், ஹைதராபாத்தைச் சேர்ந்த கேப்டன் மதீன் அன்சாரியைச் சித்திரவதை செய்தும் பணியவில்லை. 1943 அக்டோபரில் கொன்றார்கள். போருக்குப் பின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது.

இவர்கள் அதிகாரிகள், பெயராவது மிஞ்சியது. சாதாரணச் சிப்பாய்களைக் கப்பலில் ஏற்றினார்கள். 1943-ல் ஆயிரக்கணக்கில் நியூகினியாவுக்கும், பக்கத்திலிருக்கும் நியூபிரிட்டன் தீவின் ரபாலுக்கும் போனார்கள். விமானத்தளம் சமன் செய்ய, மூட்டை சுமக்க, குகை வெட்ட. மேலே அமெரிக்கக் குண்டு, கீழே மலேரியா. உணவுக் கப்பல்கள் நின்றுபோனதும் ஜப்பானியர்களே பட்டினி. கைதிகளின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

ரபாலுக்குப் போன ஒருவர், ஜான் பாப்டிஸ்ட் கிராஸ்டா. மங்களூர் பக்கம் கின்னிகோளியில் 1910-ல் பிறந்தவர். அன்றைக்குத் தென் கன்னட மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்ததால் அவரும் நம் மாகாணத்துக்காரர்தான். ஊர் திரும்பியதும் பட்டதையெல்லாம் எழுதி வைத்தார். எழுதியதை மடித்தும் வைத்துவிட்டார். அரை நூற்றாண்டு கழித்து, எழுத்தாளரான மகன் ரிச்சர்ட் கிராஸ்டா அதைப் புத்தகமாக்கினார். தலைப்பின் பொருள்: 'ஜப்பானியர்களால் தின்னப்பட்டவர்கள்'. மிகைத் தலைப்பு என்று தோன்றலாம். ஆனால் நியூகினியாவில் பசி முற்றிய ஜப்பானியச் சிப்பாய்கள் இந்தியக் கைதிகளைக் கொன்று தின்றார்கள் என்பது ஆஸ்திரேலியப் போர்க்குற்ற விசாரணைகளில் பதிவானது. கிராஸ்டா 1999-ல் காலமானார்.

நியூகினியாவின் வேவாக் பகுதிக்குப் போனவர்கள் சுமார் 3,000 பேர். பிழைத்தவர்கள் ஏறக்குறைய 200. அவர்களில் ஜமேதார் சிந்த் சிங்கின் கதையை நம்புவதே கடினம். 1945 செப்டம்பர் 30 அன்று செபிக் நதிக்கரை அங்கோரத்தில் ஆஸ்திரேலியர்கள் மீட்ட கூட்டத்தில் அவரோடு பத்துப் பேர் இருந்தார்கள். அந்தப் பத்துப் பேரும் ஊர் திரும்பும் வழியில், நவம்பரில், விமான விபத்தில் இறந்தார்கள். சாட்சி சொல்வதற்காக அங்கேயே தங்கியதால் சிந்த் சிங் மட்டும் தப்பினார்.

ரபாலில் நடந்த விசாரணைகளில் ஜப்பானியத் தரப்பு ஒரு வாதம் வைத்தது. இந்தியர்கள் போர்க்கைதிகளே அல்ல, ஜப்பானியப் படைக்குத் துணையாகத் தாங்களே சேர்ந்த உழைப்பாளிகள், ஆகவே கைதிகளுக்கான விதிகள் அவர்களுக்குப் பொருந்தாது என்றார்கள். எந்தப் படையிலும் சேரமாட்டேன் என்றதற்காகவே அங்கே கொண்டுவரப்பட்டவர்களைப் பற்றி!

இங்கே சென்னையில்

அதே காலத்தில் சேர்ந்தவர்களுக்கும் விலை குறைவில்லை. பினாங்கில் பயிற்சி பெற்று, உளவு வேலைக்காக நீர்மூழ்கிக் கப்பலில் கேரளக் கரைக்கு வந்து பிடிபட்ட வக்கம் அப்துல் காதர் உள்ளிட்ட நான்கு பேரை 1943 செப்டம்பர் 10 அன்று தூக்கில் போட்டது நம் சென்னைச் சிறையில்தான்.

போர் முடிந்ததும் காற்று முழுக்க ஒரு பக்கமாக அடித்தது. 1945 நவம்பரில் செங்கோட்டை வழக்கு, புலாபாய் தேசாய் வாதாடினார், நாடே கொந்தளித்தது. அந்த வழக்கில் மறுத்தவர்களின் பங்கு என்ன? அரசுத் தரப்புச் சாட்சிகள். கூண்டில் அடைபட்ட பத்வாரும் தார்கல்கரும் சாட்சிக் கூண்டில் ஏறினார்கள். தெருவில் ஜெய்ஹிந்த் முழங்கும்போது, பிடாதரியில் அடி வாங்கிய கதையை யார் கேட்பார்கள்?

சுதந்திர இந்தியா இரு தரப்பையும் நடத்திய விதமும் விசித்திரம். ஐ.என்.ஏ. வீரர்களைப் புதிய அரசு ராணுவத்தில் திரும்பச் சேர்க்கவில்லை. ஆனால் தியாகி என்ற பெயரும், 1972-ல் வந்த மத்திய அரசின் தியாகிகள் ஓய்வூதியமும் அவர்களுக்கு உண்டு. மறுத்துப் பிழைத்தவர்களோ பழைய வேலைக்குத் திரும்பினார்கள். சிலர் உயர்பதவிகளுக்கும் போனார்கள். தியாகி பட்டியலில் இடமில்லை. வீட்டிலும் அதிகம் பேசியதாகத் தெரியவில்லை.

வேறு நாடுகளிலும் இந்தச் சங்கடம் இருந்திருக்கிறது. அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனோடு விடுதலைப்போர் நடத்தியபோது, பென்சில்வேனியாவின் குவேக்கர் கிறிஸ்தவர்கள் ஆயுதம் ஏந்துவது மதத்துக்கு விரோதம் என்று ஊர்ப்படையில் சேர மறுத்தார்கள். அபராதம் போட்டு, கட்டாதவர்களின் ஆடுமாடுகளையும் பாத்திரங்களையும் ஜப்தி செய்தார்கள். 1777-ல் பிலடெல்பியாவின் முக்கியக் குவேக்கர்கள் சுமார் 20 பேரை விசாரணையே இல்லாமல் வர்ஜீனியாவுக்கு நாடு கடத்தினார்கள். ஆனால் இன்று அமெரிக்கப் பாடநூல் அவர்களை மனசாட்சிக்காரர்கள் என்று சொல்ல முடிகிறது. நம் சிப்பாய்களின் நிலை அதைவிடச் சிக்கல். அவர்கள் போரை மறுக்கவில்லை. ஒரு கொடிக்காக ஏற்கெனவே சுட்டவர்கள், இன்னொரு கொடிக்காகச் சுட மறுத்தார்கள்.

தாத்தா பெயரைத் தேட

மண்ணூர்பேட்டையிலிருந்து போரூர் வழியாகப் போனால், மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் நந்தம்பாக்கத்தில் ஒரு போர்க் கல்லறைத் தோட்டம் வரும். இரண்டாம் உலகப்போரில் இறந்த 800-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். புல்வெளியும் வரிசைக் கற்களுமாக அழகாகப் பராமரிக்கிறார்கள். கடல் கடந்து போனவர்கள் அங்கே இல்லை. அவர்களின் இடம் ரபாலிலும் நியூகினியாவின் லே நகரிலும் இருக்கிறது. அங்குள்ள இந்தியக் கல்லறைகளில் பெயரில்லாதவை பல. உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவுச் சுவரில்.

வீட்டில் மலேயாவுக்குப் போய்த் திரும்பாத தாத்தாவோ பெரியப்பாவோ இருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம், கட்டணமில்லை. வெள்ளைக்கார எழுத்தர்கள் நம் பெயர்களைக் கன்னாபின்னாவென்று எழுதியிருப்பார்கள் என்பதால் இரண்டு மூன்று விதமாக எழுத்துக்கூட்டிப் பார்க்க வேண்டும். பல பதிவுகளில் தகப்பனார் பெயரும் ஊரும் இருக்கும். அம்பத்தூர், மண்ணூர்பேட்டை எல்லாம் அப்போது செங்கல்பட்டு மாவட்டம். அந்தப் பெயரைப் பழைய ஆங்கில வழக்கப்படி 'சிங்கிள்புட்' என்று தேடிப் பார்ப்பது நல்லது.