மறதியும் மனச்சான்றும்

துப்பறியும் கதைகளில் முதலிலே ஒரு கொலை நிகழும். கொலையாளி யார் என்பது இறுதியில் வெளிப்படும். கிறிஸ்தோபர் நோலன் இயக்கி 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மெமென்டோ’ என்னும் ஆங்கிலப் படமோ இம்முறையைத் தலைகீழாக்கிவிடுகின்றது. கொன்றவனையும் கொல்லப்பட்டவனையும் தொடக்கத்திலேயே நாம் கண்டுவிடுகின்றோம். எதற்காகக் கொன்றான் என்பதே இறுதிவரை நீடிக்கும் மர்மம்.

கதாநாயகன் லெனார்ட் ஷெல்பி, காப்புறுதிக் கம்பனியொன்றில் விசாரணையாளனாக இருந்தவன். வீட்டினுள் புகுந்தோர் அவன் மனைவியைத் தாக்கிய இரவில் அவனுக்கும் தலையில் அடிபடுகின்றது. அதற்கு முந்திய வாழ்க்கை அவனுக்கு நன்கு நினைவிருக்கின்றது. பின்னர் நிகழ்வன யாவும் சில நிமிடங்களில் அழிந்துபோகின்றன. மனைவியைக் கொன்றவனைப் பழிதீர்ப்பதே அவனது ஒரே நோக்கம். ஆதலால், சந்திப்பவர்களை உடனுக்குடன் புகைப்படம் பிடித்துக் குறிப்பெழுதுகின்றான். முக்கியமானவற்றை உடலிலேயே பச்சை குத்திக்கொள்கின்றான்.

படத்தின் வர்ணக் காட்சிகள் பின்னோக்கியும், கறுப்பு வெள்ளைக் காட்சிகள் முன்னோக்கியும் சென்று முடிவில் ஒன்றுசேர்கின்றன. ஒவ்வொரு வர்ணக் காட்சியும் தொடங்கும்போது, அதற்குமுன் நடந்தது அவனைப் போலவே நமக்கும் தெரிவதில்லை. அவனது திகைப்பு நமது திகைப்பாகிவிடுகின்றது.

இத்தகைய மறதி வெறுங் கற்பனையன்று. 1953ஆம் ஆண்டில், ஹென்றி மொலேசன் என்னும் 27 வயது அமெரிக்கருக்கு, கடும் வலிப்பு நோயைத் தணிக்கும்பொருட்டு மூளையிற் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. இருபுறத்தும் உள்ள ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பெரும்பாகம் அகற்றப்பட்டது. வலிப்புத் தணிந்தது, ஆயின், புதியவற்றை நினைவிற் பதிக்கும் ஆற்றலும் அதனுடன் போயிற்று. பிரெண்டா மில்னர் என்ற உளவியலறிஞர், கண்ணாடியிற் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியை அவருக்கு அளித்தார். நாளுக்கு நாள் அவர் கை தேறியது. பயிற்சி செய்த நினைவு மாத்திரம் இருக்கவில்லை. கையின் பழக்கமும் மனத்தின் ஞாபகமும் வெவ்வேறு வழிகளில் இயங்குகின்றன என்பது இதனாற் புலனாயிற்று. மொலேசன் 2008ஆம் ஆண்டில் காலமானார்.

நம்மவர் பலருக்கு இப்பொருள் ‘கஜினி’ வாயிலாக அறிமுகமாகியிருக்கும். ‘மெமென்டோ’வின் உந்துதலால் ஏ. ஆர். முருகதாஸ் 2005ஆம் ஆண்டில் இயக்கிய தமிழ்ப் படம் அது. அங்கே சூர்யா ஏற்ற நாயகனின் நேர்மையில் நமக்கு ஐயமே எழுவதில்லை. ‘மெமென்டோ’வோ நாயகனையே சந்தேகிக்கத் தூண்டுகின்றது.

முடிவைச் சொல்லாமல் அதன் சிறப்பைச் சொல்ல இயலாது. நண்பனாகப் பழகிய ஒருவன், பழி ஏற்கெனவே தீர்க்கப்பட்டுவிட்டதென லெனார்டிடம் கூறுகின்றான். அது மெய்யாயின், அவனுக்கு வாழ்வதற்கு நோக்கமே இல்லாது போய்விடும். சில நிமிடங்களில் யாவும் மறந்துவிடும் என்பதை நன்கறிந்த அவன், சான்றான புகைப்படங்களை எரித்துவிட்டு, அந்த நண்பனின் கார் இலக்கத்தையே கொலையாளியைக் காட்டும் துப்பாகக் குறித்துக்கொள்கின்றான். தன் கையெழுத்தைப் பின்னர் தானே நம்புவான் என்பது அவனுக்குத் தெரியும். மறதி அவனது நோய். அந்தப் பொய்யோ அவன் விரும்பித் தேர்ந்தது.

நோயற்ற நாமும் இதற்கு முற்றிலும் புறம்பானவர்கள் அல்லோம். சண்டை மூண்ட காரணத்தை மறந்த பின்னரும் பகையை மட்டும் பேணிவரும் குடும்பங்கள் எத்தனை! நம் தவறுகளை நழுவவிட்டு, பிறர் தவறுகளை மாத்திரம் பத்திரப்படுத்தும் மனம் எவர்க்கும் உண்டு. எழுதிவைத்தது யாவும் உண்மையன்று; எழுதியவனின் விருப்பமும் அதிற் கலந்திருக்கும். வரலாறு பயிலும் மாணவருக்கு இது மறக்கலாகாத பாடம்.

வன்முறைக் காட்சிகள் உள்ளமையால் இப்படம் சிறுவர்க்கு ஏற்றதன்று. வளர்ந்தோர் இருமுறை பார்த்தல் நன்று. இரண்டாம் முறை பார்க்கும்போது, அவனது துப்பாக்கியைவிடப் பேனாவே நம்மை அஞ்சவைக்கும்.