திரும்பி வரும் தண்ணீர்

ஒரு ஏக்கர் மனை. கட்டடமும் சிமென்ட் தளமும் போக மண் தெரிவது கொஞ்சம்தான். மணிக்கு 60 மில்லிமீட்டர் என்ற வேகத்தில் மழை கொட்டுகிறது. வாசல் வடிகாலுக்கு எவ்வளவு தண்ணீர் வரும்? பரப்பையும் மழை வேகத்தையும் பெருக்குங்கள். தரை குடித்தது போக பத்தில் ஒன்பது பங்கு ஓடிவரும் என்று வையுங்கள். விநாடிக்குச் சுமார் 60 லிட்டர். விநாடிக்கு விநாடி நான்கு பிளாஸ்டிக் குடங்களைக் கவிழ்த்துக்கொண்டே இருப்பது போல.

இதற்கு மென்பொருள் எதற்கு? அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் எமில் குய்ச்லிங் என்ற பொறியாளர் 1889இல் வெளியிட்ட சூத்திரம் இது. ஒற்றை அடுக்ககத்துக்கு இன்றும் இதுவும் ஒரு எக்செல் தாளும் போதும். விறகு நிறுக்க நகைக்கடைத் தராசு வேண்டாம்.

நகர் பெரிதானால் சங்கதி வேறு. பக்கத்துத் தெருத் தண்ணீர் பத்து நிமிடத்தில் வந்துவிடும். கடைக்கோடித் தெருவினுடையது முக்கால் மணி நேரம் கழித்து வரும். எது எப்போது எதோடு சேர்கிறது என்று பார்க்க வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1971இல் உருவாக்கிய எஸ்.டபிள்யூ.எம்.எம். என்ற மென்பொருள் அதற்குத்தான். இலவசம். ஊரைச் சிறு வடிநிலங்களாகவும், மேன்ஹோல்களை முடிச்சுகளாகவும், குழாய்களை அவற்றை இணைக்கும் கோடுகளாகவும் மாற்றிக்கொண்டு, மழை பெய்யப் பெய்யக் கணக்குப் போடும்.

அதற்குள் ஒரு சின்னத் தேர்வு இருக்கிறது. பலர் கோட்டை விடுவது அங்கேதான். 'கைனமாடிக் வேவ்' என்ற எளிய முறையில் தண்ணீர் சரிவில் கீழேதான் போகும். கீழே என்ன நடக்கிறது என்று மேலே இருக்கும் குழாய்க்குத் தெரியாது. 'டைனமிக் வேவ்' முறையோ, பிரெஞ்சுக்காரர் செயின்ட்-வெனான் 1871இல் தந்த சமன்பாடுகளை முழுதாகத் தீர்க்கும். கால்வாய் நிரம்பி நின்றால் தண்ணீர் குழாயில் எதிர்த்து ஏறுவதும், மேன்ஹோல் மூடி வழியே பொங்குவதும் அதில் தெரியும்.

சென்னையை நினைத்துப் பாருங்கள். தட்டையான நிலம். வடிகால்கள் போய்ச் சேரும் கூவமும் அடையாறும் கடலில் கலக்கின்றன. ஓதம் ஏறியிருக்கும்போது முகத்துவாரத்தில் தண்ணீர் எளிதில் வடியாது. இங்கே எளிய முறையில் போட்ட கணக்கு காகிதத்தில் மட்டுமே வடியும். ஆகவே, திட்டம் சின்னதா பெரிதா என்பதற்கு முன்னால், தண்ணீர் திரும்பி வருமா என்று கேட்பதே சரி என்பேன்.

தெருவில் வழிந்த வெள்ளம் எந்த வீட்டுக்குள் போகும் என்று தெரிய வேண்டுமானால், நிலத்தையே கட்டம் கட்டமாகப் பிரிக்கும் இருபரிமாண மாதிரி வேண்டும். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் ஹெச்.இ.சி.-ராஸ் இதையும் இலவசமாகச் செய்கிறது. ஆனால் கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்காகும். நேர இடைவெளியையும் பாதியாக்க வேண்டியிருப்பதால் வேலை எட்டு மடங்கு. அவ்வளவு பாடுபட்டும், இலவசச் செயற்கைக்கோள் உயர வரைபடத்தை ஊட்டினால் பயன் சொற்பம். அதில் பிழையே சில மீட்டர் இருக்கும். வீட்டு வாசற்படியோ அரையடி.

உங்கள் குடியிருப்புக்கு யாராவது வண்ண வண்ணமாக வெள்ள வரைபடம் போட்டுக் காட்டினால், மென்பொருளின் பெயரைக் கேட்காதீர்கள். கடைசிக் குழாய் போய் விழும் இடத்தில் நீர்மட்டம் எவ்வளவு என்று வைத்துக் கணக்குப் போட்டீர்கள் என்று கேளுங்கள்.