தொற்றா, காற்றா? காத்திவாக்கத்தின் மூக்கும் தொண்டையும்

மூக்கு, சைனஸ் அறைகள், தொண்டை, குரல்வளை ஆகியவை சேர்ந்தது மேல் சுவாசப் பாதை. இந்தப் பாதையில் கிருமி புகுவதால் வரும் ஜலதோஷம், தொண்டை வலி, சைனஸ் அழற்சி, குரல் கம்மல் எல்லாம் மேல் சுவாசத் தொற்று என்ற வகையில் அடங்கும். நல்ல உடல்நிலையில் இருக்கும் பெரியவருக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையும், சிறு குழந்தைக்கு ஆறு முதல் எட்டு முறையும் சளி பிடிப்பது இயல்பு. ஆனால் எண்ணூரை ஒட்டிய காத்திவாக்கத்தில் மூக்கொழுகலுக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் கிருமியோடு இன்னொரு காரணமும் உண்டு. அது காற்று. எது தொற்று, எது காற்றின் எரிச்சல் என்று பிரித்தறிந்தால்தான் சரியான வைத்தியம் கிடைக்கும்.

ஊரைச் சுற்றியுள்ள காற்று

தனி நகராட்சியாக இருந்த காத்திவாக்கம் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. இன்று திருவொற்றியூர் மண்டலத்தில் இருக்கிறது. 1970-இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே வட சென்னை, வல்லூர் அனல் மின் நிலையங்கள் நிலக்கரியை எரித்துக்கொண்டிருக்கின்றன. அருகிலுள்ள மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் உள்ளன. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட, கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளின் பட்டியலில் மணலியும் இடம்பெற்றது.

நிலக்கரி எரியும்போது வெளிவரும் கந்தக டை ஆக்சைடு தண்ணீரில் எளிதில் கரையும். அதனால் ஈரமாக இருக்கும் மூக்கும் தொண்டையும்தான் அதை முதலில் வாங்கிக்கொள்கின்றன. அம்மோனியாவின் குணமும் இதுவே. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பம் அருகே கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிச்சலும் தொண்டை எரிச்சலும் மூச்சுத் திணறலுமாக மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கிருமியே இல்லாமல் மேல் சுவாசப் பாதை முழுவதும் பாதிக்கப்பட முடியும் என்பதற்கு அந்த இரவு சான்று.

காற்று இன்னொரு வகையிலும் கெடுதல் செய்கிறது. மூக்கின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. புகையும் கந்தக வாயுவும் இந்த அசைவை மந்தமாக்குகின்றன. வெளியேற வேண்டிய வைரஸ் அங்கேயே தங்கிப் பெருக இடம் கிடைக்கிறது. ஆக, மாசுக் காற்று தொற்றைப் போலத் தோற்றம் காட்டுவதோடு, தொற்று வரவும் வழி செய்கிறது.

பிரித்தறிவது எப்படி?

தொற்றுக்கு ஒரு நாள் கணக்கு உண்டு. தொண்டை கரகரப்பில் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு படிப்படியாக இறங்கும். காய்ச்சல், உடல்வலி இருக்கலாம். வீட்டில் ஒருவருக்கு வந்தால் ஓரிரு நாளில் இன்னொருவருக்கும் வரும். காற்றினால் வரும் எரிச்சல் அப்படி நடப்பதில்லை. காய்ச்சல் இருக்காது, தும்மல், கண் எரிச்சல், மூக்கு அரிப்பு முன்னால் நிற்கும். காற்று திசை மாறும்போது கூடும், வெளியூர் போனால் குறையும். ஒரே நேரத்தில் தெருவில் பல வீடுகளில் தொண்டை எரிந்தால் வாயுவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வாரக்கணக்கில் இருமலும் வீசிங்கும் தொடர்ந்தால் அது ஆஸ்துமாவாக இருக்கலாம்.

சளிக்குக் காரணமான கிருமிகளில் பெரும்பாலானவை வைரஸ்கள். அவற்றில் முதலிடம் ரைனோ வைரஸுக்கு. அதில் மட்டும் 160-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒரு வகைக்கு உண்டான எதிர்ப்பு சக்தி இன்னொன்றைத் தடுக்காது என்பதால்தான் சளி திரும்பத் திரும்ப வருகிறது. வைரஸ் உடலில் புகுந்து ஒன்று முதல் மூன்று நாளில் அறிகுறி தொடங்கி, ஏழு முதல் பத்து நாளில் அடங்கும். இருமல் மட்டும் மூன்று வாரம் வரை இழுக்கலாம். நடுவில் சளி கெட்டியாகி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும். கிருமியோடு மோதும் வெள்ளணுக்களிலுள்ள நொதி தரும் நிறம் அது. அதை மட்டும் வைத்து பாக்டீரியா தொற்று என்று முடிவுகட்ட முடியாது.

இன்ஃபுளுவென்சா காய்ச்சல் திடீரென்று கடும் உடல்வலியோடு ஆளைப் படுக்கையில் தள்ளும். வட இந்திய நகரங்கள் பலவற்றில் இது ஜூலை முதல் செப்டம்பர் வரை பரவும். சென்னையில் வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து அக்டோபர், நவம்பரில் கூடும். டெங்குவும் அதே மழைக்காலத்தில்தான் பரவுகிறது. எனவே மூக்கொழுகலோ இருமலோ இல்லாமல் கடும் காய்ச்சல் மட்டும் அடித்தால் அதைச் சளிக் காய்ச்சல் என்று விட்டுவிடாமல் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

சாதாரண சளியை உடலே குணப்படுத்திக்கொள்ளும். மற்றதெல்லாம் அதுவரை அவதியைக் குறைக்கத்தான். ஓய்வும், வெதுவெதுப்பான கஞ்சி, மிளகு ரசம், சுக்குக் காபி போன்ற நீராகாரமும் உதவும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் தொண்டை வலி தணியும். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதும். குழந்தைகளுக்கு எடைக்கேற்ற அளவை மருத்துவரிடம் கேட்டுக் கொடுக்க வேண்டும், ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. குழந்தையின் மூக்கடைப்புக்கு உப்புக் கரைசல் சொட்டு மருந்து பாதுகாப்பானது. இருமலைத் தேன் குறைக்கும், ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.

நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது மூக்கைத் திறந்துவிடும், வைரஸைக் கொல்லாது. கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகளுக்குச் சுட்டுவிடும் அபாயம் இருப்பதால் அவர்களுக்கு இந்த முறை வேண்டாம். பச்சிளம் குழந்தையைக் குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டுவதும், சளி பிடித்தவர் படுத்திருக்கும் அறையில் கொசுவத்தி ஏற்றுவதும் ஏற்கெனவே புண்பட்ட மூக்கை மேலும் எரிய வைக்கும்.

மருந்துக் கடையில் கவனம்

"சளிக்கு மாத்திரை கொடுங்க" என்று மெடிக்கல் கடையில் கேட்டு வாங்குபவர்களின் கையில் பல நேரம் ஆன்டிபயாட்டிக்கும் சேர்ந்து வந்துவிடுகிறது. வைரஸ் மீது அதற்கு எந்த வேலையும் இல்லை. தேவையில்லாமல் சாப்பிடும்போது உடலிலுள்ள பாக்டீரியாக்கள் அந்த மருந்துக்குப் பழகிக்கொள்கின்றன. உண்மையாகவே தேவைப்படும் நாளில் மருந்து பலிப்பதில்லை. இந்த ஆபத்தைத் தடுப்பதற்கான வழிகளை வகுக்க இந்திய மருத்துவச் சங்கங்கள் 2012 ஆகஸ்டில் சென்னையில் கூடின. அங்கே உருவான அறிக்கை 'சென்னை பிரகடனம்' என்றே உலக மருத்துவ இதழ்களில் அறியப்படுகிறது.

இருமல் சிரப் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த 'கோல்ட்ரிஃப்' சிரப் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பரிசோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு வேதிப்பொருள் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்போ 0.1 சதவீதம்தான். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சளி, இருமல் மருந்துகளைக் கொடுக்கவே கூடாது, ஐந்து வயது வரை பொதுவாகத் தவிர்க்க வேண்டும் என்று மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. பெரியவர்களிலும் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூக்கடைப்பு மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

மருத்துவரிடம் எப்போது?

பாக்டீரியாவால் வரும் தொண்டை வலி குறைவு, ஆனால் முக்கியமானது. ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இருமலும் மூக்கொழுகலும் இல்லாமல் காய்ச்சல், டான்சிலில் வெண்திட்டு, கழுத்தில் வலியுள்ள நெறிக்கட்டி இருந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றாக இருக்கலாம். இதைக் கவனிக்காமல் விட்டால் மூட்டுக் காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதாகும் அபாயம் உண்டு. இங்கே ஆன்டிபயாட்டிக் தேவை; மருத்துவர் சொன்ன நாள் முழுவதும், வழக்கமாகப் பத்து நாள், சாப்பிட்டு முடிக்க வேண்டும்.

பத்து நாள் கடந்தும் குறையாத சளி, குறைந்து மறுபடி ஏறும் காய்ச்சல், முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வலி, காது வலி ஆகியவற்றுக்கும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை இலவசம்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. மூச்சு விடும்போது விலா உள்ளே குழிவது, உதடு நீலமாவது, எச்சில் விழுங்க முடியாமல் வழிவது, குழந்தை பால் குடிக்காமல் துவள்வது, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் ஆகியவை அவசர நிலைகள். குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடத்துக்கு மூச்சை எண்ணிப் பார்க்கலாம். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் போனால் நிமோனியா என்று சந்தேகித்து உடனே 108-ஐ அழைக்க வேண்டும் அல்லது மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

தடுப்பு

சளி வைரஸ் பெரும்பாலும் கையிலிருந்து மூக்குக்கும் கண்ணுக்கும் போகிறது. சோப்புப் போட்டுக் கை கழுவுவதே எளிய தடுப்பு. அரசு அட்டவணையில் உள்ள பென்டாவேலன்ட், நிமோகாக்கல் தடுப்பூசிகள் குழந்தைகளைக் கடும் நிமோனியாவிலிருந்து காக்கின்றன. முதியவர்கள், கர்ப்பிணிகள், ஆஸ்துமா, சர்க்கரை நோய், இதய நோய் உள்ளவர்கள் மழைக்காலத்துக்கு முன்பே ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வது நல்லது.

என்95 முகக்கவசம் சாம்பல் தூசியையும் கிருமித் துளியையும் தடுக்கும். அம்மோனியா போன்ற வாயுவைத் தடுக்காது. வாயு நெடி அடித்தால் காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக நடந்து அந்த இடத்தை விட்டு விலகி, கண்ணையும் முகத்தையும் நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். தொண்டை எரிச்சல் எந்தத் தேதியில், எந்த நேரத்தில் வந்தது, அப்போது நெடி இருந்ததா, வீட்டில் வேறு யாருக்கு வந்தது என்று குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டினால், வந்தது தொற்றா காற்றா என்று அவர் முடிவு செய்வது எளிதாகும்.