கிரிக்கெட் ஹெல்மெட்: ஒருமுறை பலத்த அடி வாங்கினாலே மாற்றணுமா? உள்ளே என்ன இருக்கு?

2014 நவம்பர் 25. சிட்னி மைதானத்தில் பேட்டிங் செய்த ஆஸ்திரேலிய வீரர் பிலிப் ஹியூஸை பவுன்சர் தாக்கியது. ஹெல்மெட் போட்டிருந்தார். ஆனால் பந்து பட்டது ஹெல்மெட் மறைக்காத கழுத்தில். இரண்டு நாளில் உயிரிழந்தார். வயது 25.

அதன்பிறகு ஹெல்மெட்டில் என்ன மாறியது? அது எப்படி தலையைக் காக்கிறது?

ஓடு மட்டும் போதாது

வெளி ஓடு ஏபிஎஸ் பிளாஸ்டிக், ஃபைபர் கிளாஸ் அல்லது கார்பன் ஃபைபரால் ஆனது. ஒரே இடத்தில் விழும் அடியைப் பரவச் செய்வதுதான் இதன் வேலை.

அடியைத் தாங்குவது உள்ளே இருக்கும் நுரை. பல ஹெல்மெட்களில் இருப்பது இபிஎஸ். நம்ம தெர்மாகோலின் அடர்த்தியான வகைதான் இது. வேகமா வர்ற பந்தை கேட்ச் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுப்போம் இல்லையா? அதேபோல நுரை நசுங்கி, பந்தின் வேகம் தணிய கூடுதல் நேரம் தருகிறது. தலைக்குப் போகும் விசை குறைகிறது.

ஆனா, நசுங்கிய இபிஎஸ் பழைய நிலைக்குத் திரும்பாது. வெளியே கீறல் இல்லாவிட்டாலும், பலத்த அடி வாங்கிய ஹெல்மெட்டை மாற்றுவதே நல்லது.

முகக் கம்பியில் என்ன மாற்றம்?

கம்பிக்கும் ஹெல்மெட் விளிம்புக்கும் நடுவே பந்து புகுந்து முகத்தைத் தாக்குவது பெரிய பிரச்சினையாக இருந்தது. பிஎஸ் 7928:2013 என்ற பிரிட்டிஷ் தரநிலை இதற்கும் சோதனை வைத்தது. சர்வதேசப் போட்டிகளில் ஹெல்மெட் அணிந்தால், அது இந்தத் தரத்தில் இருக்கணும் என்று 2017-ல் ஐசிசி விதி கொண்டுவந்தது. ஸ்டீலைவிட எடை குறைந்த டைட்டானியம் கம்பிகளும் இப்போது கிடைக்கின்றன.

கழுத்துக்கு என்ன பாதுகாப்பு?

ஹெல்மெட்டின் பின்பக்கம் மாட்டும் கழுத்துக் கவசம் நுரை, வளையும் பிளாஸ்டிக்கால் ஆனது. 2019-ல் லார்ட்ஸில் ஆர்ச்சர் வீசிய சுமார் 148 கி.மீ. வேகப் பந்து ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தைத் தாக்கியபோது அவர் இதை அணிந்திருக்கவில்லை. 2023 அக்டோபர் முதல், வேகப்பந்தை எதிர்கொள்ளும் தன் வீரர்களுக்கு இதை ஆஸ்திரேலிய வாரியம் கட்டாயமாக்கியது.

ஹெல்மெட் இருந்தா போதுமா?

போதாது. அடி விழும்போது மண்டை ஓட்டுக்குள் மூளை குலுங்குவதை எந்தப் பொருளாலும் முழுசா தடுக்க முடியாது. அடிபட்டபின் தலைசுற்றல், வாந்தி, குழப்பம் இருந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போகணும்.

பிள்ளைகளுக்கு வாங்கும்போது தரநிலை முத்திரை இருக்கா, தலையை அசைத்தால் ஹெல்மெட் ஆடுதா என்று பாருங்கள். 'வளர்ந்தா சரியாயிடும்' என்று பெரிய சைஸ் மட்டும் வாங்காதீங்க.