நோய் தீர்ந்த பின் வளர்ச்சி

நோய் தீர்ந்தால் நலமும் முற்றாக மீண்டுவிடும் என்பது உலகோர் எண்ணம். குழந்தைப் பருவத்துப் புற்றுநோயைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் முழுவதும் பொருந்துவதன்று. உயிரைக் காத்த சிகிச்சையே பின்னாளில் வளர்ச்சிக்குத் தடையாதலும் உண்டு.

குழந்தைகளின் குருதிப் புற்றுநோயை மருந்தினால் தற்காலிகமாகத் தணிக்கலாம் என்பதை 1948இல் பொஸ்ரன் நகர வைத்தியர் சிட்னி பாபர் காட்டினார். 1962இல் மெம்பிசு நகரில் திறக்கப்பெற்ற சென்ற் யூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கல் என்பார் மருந்துகளோடு தலைக்குக் கதிர்வீச்சும் அளித்து, அந்நோயுற்றோருள் ஏறக்குறையப் பாதியினரைக் குணப்படுத்தினார். மருந்துகள் எளிதிற் சென்றெட்டாத மூளையிடத்தே ஒளிந்திருந்த நோய்க்கலங்களை அழித்தற்கே கதிர்கள் வேண்டப்பட்டன.

ஆயின், மூளையின் அடியிலே கடலையளவினதான கபச்சுரப்பி அமைந்துள்ளது. இச்சுரப்பியும் இதனை ஏவும் மூளைப்பகுதியும் கதிர்களால் ஊறுபடுமிடத்து, முதலிற் குறைவது பெரும்பாலும் வளர்ச்சி ஓமோனே. அக்குறைவு புலப்படச் சில ஆண்டுகள் செல்லலாம். முள்ளந்தண்டு கதிர்பட்டால் அதன் என்புகள் வளர்ச்சி குன்ற, கால்கள் நீண்டும் உடல் குறுகியும் தோன்றும். கழுத்திற் பட்ட கதிர் தைரொயிட்டுச் சுரப்பியைத் தளர்த்தும்.

இவற்றுள் கண்ணை ஏமாற்றுவது ஒன்றுண்டு. தலைக்குக் கதிர் பெற்ற இளங்குழந்தைகள் சிலர், சிறப்பாகப் பெண்பிள்ளைகள், உரிய வயதின் முன்னரே பூப்பெய்துவர். அப்பொழுது உயரம் விரைந்து கூடுதலால், வளர்ச்சி ஓமோனின் குறைவு மறைந்துவிடும். பெற்றோரும் பிள்ளை நன்கு வளர்கிறதென மகிழ்வர். ஆனால், என்புகளின் வளர்முனைகள் காலத்துக்கு முன் இணைந்துவிடுகின்றன. இணைந்தபின் எந்த ஓமோனும் உயரத்தைக் கூட்டாது.

ஆதலின், சிகிச்சை முடிந்தபின்னும் நின்ற உயரத்தையும் இருந்த உயரத்தையும் காலந்தோறும் அளந்து வரைபடத்திற் குறித்தல் இன்றியமையாதது. குருதிச் சோதனையாலும் பிற சோதனைகளாலும் குறைவு உறுதிப்படின், தைரொட்சின் குளிகையோ, புற்றுநோய் வைத்தியரின் இசைவோடு வளர்ச்சி ஓமோன் ஊசியோ கொடுக்கலாம்.

மருத்துவம் தன் கருவியால் விளைந்த தீங்கைத் தானே ஆராய்ந்து திருத்தியுங் கொண்டது. தலைக்குரிய கதிரளவு 24 கிரேயிலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. 2000 தொடக்கம் 2007 வரை அதே மருத்துவமனை மேற்கொண்ட ஆய்விலே, நோய் மூளைக்குப் பரவாது தடுத்தற்கான கதிர் முற்றாகவே விலக்கப்பட்டது. ஆயினும், ஐந்தாண்டுகளின் பின் உயிர்வாழ்ந்தோர் நூற்றுக்கு 90க்கும் மேற்பட்டோராவர். பிழைத்த குழந்தை குறைவின்றி வளர்தலும் மருத்துவத்தின் கடனே என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.