பசியில் பிறந்த கம்பீரம்!

செமஸ்டருக்கு முந்தின ராத்திரி. ஹெட்போன்ல ஒரு சிம்பொனி முழங்குது. தூக்கம் ஓடி, முதுகு தானா நிமிருதே... ஏன் பாஸ்?

பதில் தேடி லெனின்கிராட் போகணும். இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க். 1941 செப்டம்பரில் ஜெர்மன் படை அந்த ஊரைச் சுத்தி வளைச்சது. பட்டினியில் லட்சக்கணக்கானவங்க செத்தாங்க. அந்த ஊர்க்காரரான ஷோஸ்டகோவிச்சின் 7-வது சிம்பொனியை அங்கேயே வாசிக்கணும்னு முடிவாச்சு. ஆனா முதல் ஒத்திகைக்கு வந்ததே கொஞ்சப் பேர்தான்! டிரம்பெட் ஊத மூச்சில்லை. கண்டக்டர் எலியாஸ்பெர்க் விடலையே! போர்முனையில் இருந்த இசைக்கலைஞர்களை வரவழைச்சாங்க. 1942 ஆகஸ்ட் 9. கச்சேரி ஒலிபெருக்கி வழியா எதிரி முகாம் வரைக்கும் கேட்டுச்சு!

சூட்சுமம் இதுதான். முதல்ல ஒரு சின்ன டிரம், ரொம்ப மெதுவா. அதுமேல ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வருது. ஒவ்வொரு கருவியா சேர்ந்து பூகம்பமாகி நம்மை மிரட்டுது. அப்புறம் சோகம், போராட்டம். ஒரு மணி நேரத்துக்கு மேல காக்க வெச்சு, கடைசியிலதான் வெற்றி முழக்கம். எடுத்ததுமே ஜெயிச்சிருந்தா அது வெறும் சத்தம். பயந்து, தவிச்சு, நாமும் கூடவே போராடி ஜெயிச்ச ஃபீல் வருதே, அதான் மேட்டர்!

1944 ஜனவரியில் முற்றுகை விலகிச்சு. அன்னைக்கு வாசிச்சவங்க சூப்பர்மேன்கள் இல்லை. பசியில் கை நடுங்கினவங்க.

அரியர் பயமா? வால்யூமைக் கூட்டுங்க!